முதல்ல நீ உட்காரு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பியின் பணிவான (வாய் வீங்கிய) வணக்கம்.

எடுத்தாச்சுக்கா, பல்லை எடுத்தாச்சு. ஆனா அப்பாவோடது இல்ல, என்னோடது. வாய் நிறைய பஞ்சு, போன்ல பேச முடியல. ஸ்க்ரீன் உடைஞ்சதுல பாதி எழுத்து வேலை செய்யல. நீயோ அஞ்சாவது தடவையா "அப்பா பல்லு என்னாச்சு"ன்னு கேக்குற. அதான் கிளினிக் பாரத்துக்குப் பின்னாடி எழுதி போட்டோ எடுத்து அனுப்புறேன்.

நாலு நாளா அப்பாவுக்கு வெறும் பாலுதான், கன்னம் பன்னு மாதிரி. வெல்டிங் பொறி கையில விழுந்தா ஊதிவிட்டு அடுத்த கம்பிக்குப் போற மனுஷன், இங்க நர்ஸ் பேனா மூடியைத் திறந்ததுக்கே எழுந்து நின்னுட்டாரு. எங்க டோக்கன் மூணு. நாலாம் நம்பர் ஒரு டீச்சர். உள்ள மெஷின் ஙொய்ய்ங்னு கத்துச்சு பாரு, ரூம்ல எல்லாருக்கும் திடீர்னு மரியாதை வந்துடுச்சு. "நீங்க முதல்ல போங்கம்மா, லேடீஸ்." "ஐயோ, வயசுல பெரியவங்க, நீங்க போங்க சார்." இப்படியே இருபது நிமிஷம். கடைசியில டாக்டரே வெளிய வந்துட்டாரு. அப்பா கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "டேய், முதல்ல நீ உட்காரு. உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் உட்கார்றேன்"னாரு. நானும் பெரிய இவனாட்டம் கால் மேல கால் போட்டுச் சாய்ஞ்சு ஆ-ன்னேன். டாக்டர் லைட்டைத் திருப்பி, "அப்பாவை விடு தம்பி, உனக்குத்தான் அவசரம். ஞானப்பல் முழுக்கச் சொத்தை"ங்கிறாரு. அப்பா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்! "காலேஜைப் பாதியில விட்டவனுக்கு அது எதுக்கு டாக்டர், எடுத்துடுங்க!"

புடுங்கினப்போ நான் போட்ட கத்துல டீச்சர் டோக்கனை டேபிள்ல வெச்சுட்டு வீட்டுக்கே போயிட்டாங்க. அப்பாவோ ஒரே பாய்ச்சல்ல உள்ள வந்து, "என் பையனை என்னய்யா பண்றே"ன்னு டாக்டர் சட்டையைப் பிடிச்சாரு. வந்தவரை விடுவாங்களா? நர்ஸ் என்னை வெளிய தள்ளி, கதவைச் சாத்தி, முதுகை முட்டுக் குடுத்து நின்னுட்டாங்க.

இப்ப உள்ள சத்தமே இல்ல. குழந்தை மாதிரி படுத்திருக்காருபோல. இந்தப் பல் கதை இத்தோட முடிஞ்சுது, நிம்மதியாத் தூங்கு. மாமாவுக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம், பஞ்சை எடுத்ததும்.

ஒரு பல் குறைஞ்ச உன் தம்பி

பி.கு.: கதை முடிஞ்சுதுன்னு மேல எழுதினதை நம்பாதே. உள்ள ஒரு அலறல். அப்பா குரல் இல்லக்கா, டாக்டர் குரல். "வாயைத் திறங்கய்யா, விரல்! விரல்!"ங்கிறாரு. நான் போகணும்