கல்யாணசுந்தரி வேண்டாம் என்ற டாங்கி

ரிடையரான நூறாவது நாள், ஒரு போர் டாங்கி செய்வது என்று தீர்மானித்தேன்.

பயப்படாதீர்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கியின் சின்ன மாடல்தான். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, தேய்த்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்தால் அசல் மாதிரியே நிற்கும். போனில் அந்த வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை முற்றிப் போயிருந்தது.

மனைவி கல்யாணசுந்தரியிடம் சொன்னேன். கட்டாயம் எதிர்ப்பாள் என்று பதினொரு காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"வாங்கிக்கங்களேன்" என்றாள்.

பதினொன்றும் வீண். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

சந்தேகம் என் தொழில். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் லீவு லெட்டர்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஒரே மாமனாருக்கு மூன்று தடவை காரியம் செய்யக் கிளம்பியவரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அந்தத் திறமை துருப்பிடிக்கக் கூடாது என்று, ரிடையரான பிறகு வீட்டில் உபயோகித்தேன். குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்று குறித்து வைத்தேன். பருப்பு டப்பா ஏன் புளி டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று விளக்கம் கேட்டேன். கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரம்மாவிடம், இந்தக் கொடுவா எத்தனை மணிக்குப் பிடிபட்டது என்று விசாரித்தேன். அந்தம்மா தெருவையே மாற்றிக்கொண்டார்.

அப்படிப்பட்டவனிடம் போய் "வாங்கிக்கங்களேன்" என்றால்?

"ஏன் உடனே சரிங்கிறே?"

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்."

"உன் தம்பி வர்றானா?"

"இல்லைங்க."

"வளையல் ஏதாவது பார்த்து வச்சிருக்கியா?"

"இப்புடித் துருவித் துருவிக் கேக்குறதுக்கு, இந்தாங்க, இந்தத் தேங்காயைத் துருவுங்க. சட்னிக்காவது ஆகும்."

பக்கத்து வீட்டு நீலாயதாட்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"டேங்க் வாங்கப் போறீங்களாமே அண்ணே? எத்தனை லிட்டரு?"

"இது அந்த டேங்க் இல்லம்மா. சுடுற டேங்க்."

"ஓ, சோலாரா?"

நான் உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் ஆராய்ந்து, கடைசிச் சுற்றுக்கு இரண்டு டாங்கிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று ஷெர்மன். அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உள்ளங்கையில் அடங்கும். எண்பது துண்டுகள், சக்கரத்தைச் சுற்றி மாட்ட ரெடிமேடாக ரப்பர் பட்டை. இன்னொன்று டைகர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆயிரத்துக்கு மேல் துண்டுகள். பட்டையைக்கூட ஒவ்வொரு கண்ணியாக நாமேதான் கோக்க வேண்டும்.

கல்யாணசுந்தரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"சின்னதை வாங்குங்க. ஒரு வாரத்துல முடிஞ்சிடும். பெருசு உங்களுக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"உங்களால முடியாதுங்க. பொறுமை எங்க இருக்கு உங்களுக்கு? அதுல உள்ளுக்குள்ள சீட்டு, ரேடியோ, எஞ்சின் எல்லாம் ஒட்டணுமாம். மேல மூடிட்டா ஒண்ணும் வெளிய தெரியாதாம். எதுக்கு வீண் வேலை?"

யோசித்தேன். ஒரு வாரத்தில் முடியட்டும் என்கிறாளே, ஏன்? அவள் தம்பி வரிச்சிக்குடியில் வீடு கட்டுகிறான். வேலையாட்களை மேற்பார்வை பார்க்க ஆளில்லை என்று அவளிடம் போனில் புலம்பியது என் காதில் விழுந்திருந்தது. ஆகா! எட்டாவது நாள் நான் சும்மா இருப்பேன். என்னைக் கொண்டுபோய் ஜல்லி லாரிக்கு முன்னால் நிறுத்திவிடலாம். இந்தச் சிதம்பரநாதனிடமா உன் வேலை?

"பெருசுதான்" என்றேன். அவள் கண்ணெதிரிலேயே ஆர்டர் போட்டேன்.

அவள் முகம் வாடியது. "உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பெட்டி வந்தது. ஹாலில் பெரிய மேசையை அவளே துடைத்துக் கொடுத்தாள். விளக்கை அவளே பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். பட்டையிலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணிகள். முதல் கண்ணியை வெட்டி, தேய்த்து, ஒட்ட நாற்பது நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது கண்ணி என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது கீழே விழுந்து, நான் தவழ்ந்து தேடி, கடைசியில் என் முழங்காலில் குத்திக்கொண்டு கிடைத்தது. மணிக்கொரு தடவை காபி வந்தது. கேட்காமலே வந்தது. அதையாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒரு மாதம் ஓடிற்று. நாற்பத்தேழு கண்ணிகள் முடிந்திருந்தன. கொல்லைப்பக்கம் பேச்சுக்குரல். ஒட்டுவதை நிறுத்திவிட்டு ஒட்டுக் கேட்டேன்.

"என்னக்கா, அண்ணன் சத்தத்தையே காணோம்?" இது நீலாயதாட்சி.

"ஹால்லதான் இருக்காரு. அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பாத்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் நூத்துக்கு மேல கண்ணி கெடக்கு. அப்புறம் சீட்டு, ரேடியோ, எஞ்சின். தை பொறந்தாலும் முடியாது."

"அவ்வளவு பெருசை எப்புடிக்கா வாங்க வச்சீங்க?"

"சின்னதை வாங்குங்கன்னு சொன்னேன்."

கொல்லைக்குப் பாய்ந்தேன்.

"கேட்டுட்டேன்! எல்லாத்தையும் கேட்டுட்டேன்! இனிமே அந்த டாங்கியைத் தொட்டா ஏன்னு கேளு!"

நீலாயதாட்சி மதிலுக்குக் கீழே மறைந்தாள். கல்யாணசுந்தரி பதறவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாங்க, தொடாதீங்க. அப்படியே போட்டுடுங்க. அதுதான் நல்லது."

நான் நின்றேன். இவ்வளவு சுலபமாகத் தொடாதே என்கிறாளே? இதில் ஏதோ இருக்கிறது.

ஹாலுக்குத் திரும்பி வந்து, நாற்பத்தெட்டாவது கண்ணியை ஒட்டினேன்.