கால் மாற்றாத சவாரி

மனைவியின் அண்ணன் நம்மைக் கெட்டிக்காரன் என்று நம்பிவிட்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. என் மச்சான் குணா அப்படித்தான் தன் குதிரை ராணியை என்னிடம் கொடுத்தார்.

செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகள் வழியாக ஒரு நெடுந்தூரச் சவாரி. அதை ராணி நல்லபடியாக முடித்தால்தான் பெரிய போட்டிக்குப் போகலாம். அதற்காக மாதக்கணக்கில் பழக்கிய குணா, கடைசி வாரத்தில் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டார். (குதிரையிலிருந்து அல்ல, ஸ்கூட்டரிலிருந்து.) ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிடந்தை கடற்கரையில் ராணிமேல் உட்கார்ந்து பழகியிருந்த ஒரே ஆள் நான்.

கிளம்பும்போது கட்டுப்போட்ட கையோடு பாடம் நடத்தினார்.

"மாப்ள, நடை, ஓட்டம், பாய்ச்சல்னு மாத்தி மாத்தி போவணும். பாய்ச்சல்ல ஒரு முன்னங்காலு எப்பவும் முந்தி நிக்கும். கொஞ்ச தூரம் இடது, அப்பால வலது. ஒரே காலுல ஓட்டிகினு போனா ஒரு பக்கம் புடிச்சிக்கும். புரிதா?"

"இதுகூடத் தெரியாதா மச்சான்?" என்றேன். (தெரியாது.)

இடதுகால் முந்தியபோது ஊஞ்சல் மாதிரி இருந்தது. வலதுக்கு மாற்றிப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவின் கடைசி சீட் மாதிரி குலுக்கியது. உடனே இடதுக்கே திரும்பிவிட்டேன். பாவம், ராணி தானாகவே சில முறை கால் மாற்றியது. இடறுகிறது என்று நினைத்து, நான் ஒவ்வொரு முறையும் பொறுப்பாகத் திருத்தினேன். நடையா? பின்னால் வந்தவர்களை முந்தவிடும் வேலை அது என்று விட்டுவிட்டேன்.

பாதி வழியில் கால்நடை மருத்துவரின் சோதனை. குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிக் காட்ட வேண்டும். இறங்கினேன். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. ஓடினோம்.

"நில்லுங்க சார்," என்றார் மருத்துவர் அம்மா. "ரெண்டு பேர்ல யார் நொண்டுறது?"

இருவரும்தான். ராணியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் இறுகிப் போச்சு. கால் மாத்தவே இல்லையா?" என்றார்.

"அது மாத்துச்சு மேடம். நான்தான் விடல."

சவாரி அத்தோடு முடிந்தது. குணா திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியோடு வந்தவர் ராணியின் முதுகை ஒற்றைக் கையால் நீவிக்கொண்டே நின்றார். அதை வண்டியில் ஏற்றும்போது சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிக்க மாப்ள. அது சாஞ்சி நிக்கட்டும்."

ஒரு வாரத்தில் ராணி தேறிவிட்டது. கை கூடியதும் அடுத்த சவாரியில் குணாவே ஏறி முடித்துவிட்டார். தேறாதது என் மரியாதைதான். போன மாதம் குணா மகளின் காதுகுத்தில் குடும்பமாகப் போட்டோவுக்கு நின்றோம். கேமராக்காரர் நேரம் எடுத்துக்கொள்ள, நான் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறேன் போல. பின்வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"இன்னாங்க, கால மாத்துங்க. புடிச்சிக்கப் போவுது."

அந்தப் படத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறேன், கால் மாற்றிக்கொண்டிருந்ததால்.