எண்பத்தேழுக்கு அப்புறம்

“உங்க இதயம் முப்பது வயசுக்காரனோடது மாதிரி அடிக்குது,” என்றார் டாக்டர் ஃபாம்.

நெவில் டன்ஸ்டன் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை வச்சுப் பாருங்களேன். உங்களுக்குக் காது அடைச்சிருக்கும்.”

“ரெண்டு காதாலயும் கேட்டாச்சு. ரத்தக் கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை. இப்படியே போனா தொண்ணூத்தொண்ணைத் தாராளமா தொடுவீங்க.”

“போன தடவை எண்பத்தொன்பதுன்னு சொன்னீங்க.”

“பாருங்க, என்ன முன்னேற்றம்,” என்று அந்த அம்மாள் சிரித்தார்.

நெவில் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார். நேற்றுப் பார்த்தபோது இருந்தது போலவேதான் இன்றும் இருந்தது.

பர்னி துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர் நெவில். முப்பது டன் பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டே சாண்ட்விச் தின்றவர். அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், ஓய்வு பெறுகிற வாரத்தில், ஓய்வூதிய ஃபண்டிலிருந்து டை கட்டிய ஒருவன் கேன்டீனுக்கு வந்து ஆளுக்கொரு தாள் கொடுத்தான். நெவிலின் தாளில் ஒரு நீலக்கோடு உச்சியில் கிளம்பி, கண்ணியமாகச் சரிவில் இறங்கி, கடைசியில் பொத்தென்று தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் ‘87’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மற்றவர்கள் கை தூக்கிக் கேள்வி கேட்டார்கள். நெவில் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. தவிர, கிரேன் ஓட்டியவருக்குக் கோடு புரியாதா? எண்பத்தேழு வயதில் பணம் தீர்ந்துவிடும். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஃபண்ட் அனுப்பிய எந்தக் கடிதத்தையும் அவர் பிரிக்கவில்லை. கெட்ட செய்தி உறைக்குள் இருக்கிறவரை செய்தியே ஆகாது என்பது அவர் கட்சி. இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை வங்கியில் பணம் வந்து விழும். மனைவி லொரேன் சந்தோஷப்படுவாள். நெவிலுக்கு அது தன் கேக்கிலிருந்து தானே வெட்டித் தின்னும் துண்டு. எண்பத்தெட்டாவது பிறந்தநாளில் வெறும் தட்டோடு நிற்பது போல அவருக்குக் கனவு வந்தது. தட்டும் இரவல் தட்டு.

அதனால்தான் பீரை நிறுத்தினார். சிகரெட்டை நிறுத்தினார். வண்டியை விற்றுவிட்டு எங்கே போனாலும் நடந்தார். மிச்சம் பிடித்ததைக் கூட்டிப் பார்த்தபோது எண்பத்தெட்டு வரைக்கும் தாங்கும் போலிருந்தது. அந்த நிம்மதியில் டாக்டரிடம் போனவருக்குத்தான் இன்று தலையில் இடி.

“என்ன சொன்னாங்க?” என்றாள் லொரேன்.

“தொண்ணூத்தொண்ணு.”

“அடப்பாவி. இன்னும் இருபத்துமூணு வருஷம் இந்த மூஞ்சியையே பாக்கணுமா? பயப்பட வேண்டியவ நான்.”

“விளையாடாதே. மூணு வருஷம் துண்டு விழுது.”

“ஃபண்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுத் தொலையேன்.”

“கேட்டா கணக்கைத் திறந்து பாப்பான். பாத்தா எண்பத்தஞ்சுன்னு சொல்வான். இருக்கற எண்பத்தேழும் போயிடும்.”

மறுநாளிலிருந்து வீட்டில் கறி நின்றது. பேக்கரிப் பலகாரம் நின்றது. தோட்டத்தில் நெவில் கீரை போட்டார். பர்னி மண்ணுக்கு அவர் மேல் என்ன கோபமோ, கீரை இடுப்பளவு வளர்ந்தது. காலையில் ஓட்ஸ், மத்தியானம் கீரை, ராத்திரி மத்தியானக் கீரை.

“போன ஜென்மத்துல நான் ஆடா இருந்திருப்பேன்,” என்றாள் லொரேன். “இந்த ஜென்மத்துலயும் அப்படித்தான் போல.”

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் ஃபாம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கொழுப்பே இல்லை, நெவில். தொண்ணூத்திநாலு.”

“குறைக்க வழி இருக்கா டாக்டர்?”

“கொழுப்பையா?”

“வயசை.”

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்து நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜூலை மாதம் வந்தது; பர்னியில் அது கடுங்குளிர்காலம். மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று நெவில் வீட்டில் ஹீட்டரை அணைத்தார். வெந்நீர் செலவைக் குறைக்கக் காலையில் கடலில் இறங்கிக் குளித்தார். கரையில் இருந்த பெங்குவின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, இன்று வேண்டாம் என்று திரும்பிப் போன தண்ணீர் அது. நெவில் முதல் நாள் நீலமாகக் கரையேறினார். பத்தாம் நாள் சிவப்பாக ஏறினார். ஒரு மாதத்தில் துறைமுகச் சுவர்வரை நீந்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கெல்வின் வேலி மேல் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

“என்னடா நெவ், கல்யாணத்துல பாத்ததைவிட இளசா இருக்கே. ஏதாவது தொடுப்பா?”

“வாயை மூடுடா. நான் படுற பாடு எனக்கு.”

“படுற பாட்டுல முடி வேற முளைக்குதே.”

நெவில் பதறி உச்சந்தலையைத் தடவினார். முளைத்துத்தான் இருந்தது.

ஆகஸ்டில் டாக்டர் ஃபாம் வெளியூரிலிருந்து இரண்டு டாக்டர்களைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு, “தொண்ணூத்தேழு,” என்றார். அந்த இருவரும் நெவிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துக்க வீட்டில் கை கொடுப்பது போல நெவில் வாங்கிக்கொண்டார்.

நடந்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷத்துக்கு மிச்சம் பிடித்தால் ஆயுள் மூன்று வருஷம் கூடுகிறது. சிக்கனம்தான் தன்னை அழிக்கிறது. அதாவது, அழிய விடமாட்டேன் என்கிறது. சரி, வந்த வழியே திரும்பிவிடுவது என்று முடிவு கட்டி, கடைக்கு நடந்து போய்ப் பழைய சிகரெட்டைக் கேட்டார்.

“ஐம்பது டாலர்,” என்றாள் கடைக்காரப் பெண்.

“பெட்டியோட கேக்கலைம்மா. ஒரு பாக்கெட்.”

“ஒரு பாக்கெட்தான் ஐம்பது டாலர்.”

நெவில் எடுத்த பர்ஸைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார். பிறகு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அந்த நடையும் உடம்புக்கு நல்லது என்ற நினைப்பு வழியெல்லாம் அவரைக் குத்தியது.

“சாகறதுக்குக்கூட நமக்கு வசதி இல்லை, லொரேன்,” என்றார் சமையலறையில் உட்கார்ந்து. “எண்பத்தேழுலேர்ந்து தொண்ணூத்தேழு. பத்து வருஷம். நீயும் இருப்பே. உன்னை எதை வச்சுக் காப்பாத்துவேன்?”

லொரேன் கேலியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன பண்ணலாம்கறே?”

“வீட்டை வித்துடலாம். கெல்வின் பின்கட்டுல ஒரு கேரவன் சும்மா நிக்குது. அதுல இருந்துக்கலாம்னு பேசிட்டேன். சனிக்கிழமை ஏஜென்ட் பலகை நட வர்றான்.”

லொரேன் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். முப்பத்தொரு வருஷமாக அவள் பாத்திரம் கழுவியது அந்த ஜன்னலுக்காகத்தான்.

“அந்தக் கேரவன்ல கெல்வினோட கோழி முட்டை போடுது, நெவ்.”

“முட்டை செலவு மிச்சம்.”

அவள் எழுந்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த உறைகளில் ஒன்றை உருவி, மேலே அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்து, போனை எடுத்து அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

“வேண்டாம் லொரேன். வை கீழே.”

“வீட்டை விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. நீயே கேக்கறே.”

மறுமுனையில் ஒரு இளம்பெண் குரல், “வணக்கம், டேகன் பேசறேன்,” என்றது. பெயர், பிறந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த இடம் எல்லாம் கேட்டது. நெவில் கோர்ட்டில் சொல்வது போலச் சொன்னார்.

“சொல்லுங்க சார், என்ன வேணும்?”

நெவில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு வருஷம் அடக்கி வைத்தது மொத்தமாக வெளியே வந்தது.

“அம்மா, நான் மறைக்க விரும்பலை. பீரை விட்டுட்டேன். சிகரெட்டை விட்டுட்டேன். தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கறேன், கீரையா திங்கறேன், ஜூலைலேர்ந்து கடல்ல நீந்தறேன். டாக்டர் தொண்ணூத்தேழுங்கறாங்க. தலையில முடிகூட முளைக்குது. ஆனா நீங்க கொடுத்த தாள்ல எண்பத்தேழுன்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் என்ன கதின்னு சொல்லுங்க.”

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“தொண்ணூத்தேழா?”

“ஆமாம்.”

“டாக்டரே சொன்னாங்களா, நீங்களா நினைச்சுக்கறீங்களா?”

“வெளியூர்லேர்ந்து ரெண்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்து சொன்னாங்க.”

“கொஞ்சம் லைன்ல இருங்க சார்.”

பாட்டு ஒன்று ஓடியது. நெவில் லொரேனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை சில்லென்று இருந்தது. நாடி மட்டும் முப்பது வயதுக்காரனுடையதாக அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு நடுவில் அறுந்தது. டேகன் திரும்பி வந்தபோது குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பின்னால் யாரோ பெரிய அதிகாரி நின்று சொல்லிக்கொடுப்பது லேசாகக் கேட்டது.

“எண்பத்தேழுல தீரும்னு நாங்க போட்டு வச்சது உங்க பணத்தை இல்லை சார், உங்களை, நீங்க உசுரோட இருக்கற கடைசி நாள் வரைக்கும் நாங்கதான் கொடுத்தாகணும், அதனால உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறோம், அந்தக் கடல்ல நீந்தறதை மட்டுமாவது நிறுத்திடுங்க.”