எரிந்த கட்சி சிவசிவா

கண்டியில் காப்பி கொழித்த காலத்தில் ஒழுக்கம் என்னும் சரக்குக்கு ஒரே மொத்த வியாபாரி எங்கள் சிவசிவாதான். மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் அவரிடம் வாங்கிய சில்லறை. யாராவது காதல் பாட்டை முணுமுணுத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "சிவசிவா!" என்பார், அதுவே பேராகிவிட்டது. பொத்திய விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சந்து இருக்கும். இல்லாவிட்டால் பாட்டு முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் இருவரும் ஒரே காப்பி ஸ்டோரில் வேலை பார்த்தோம். நான் மூட்டை நிறுப்பவன். அவர் கொட்டை பொறுக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. பெண்கள் பாடிக்கொண்டே பொறுக்குவது வழக்கம். ஒருநாள் உத்தரவு போட்டார்.

"இனிமே இங்க சாமி பாட்டுதான் பாடணும். கேட்டுச்சா?"

"சரிங்கய்யா" என்றாள் முத்தாயி. இளம் விதவை, வாய்த்துடுக்குக்காரி. உடனே முருகன் வள்ளியைச் சுற்றிவந்த கதையை எடுத்தாள். யானையைக் கண்டு பயந்த வள்ளி ஓடிவந்து கட்டிக்கொண்ட இடத்தைப் பெண்கள் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். சாமியே இப்படி நடந்துகொண்டால் மேற்பார்வைக்காரர் என்ன செய்வார், பாவம்!

அடுத்தது கடைத்தெரு. அலவத்துகொடையிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி நானா, சீமைத் துணிக்கட்டில் ஒட்டிவந்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் படத்தை வாசலில் மாட்டியிருந்தார். சீமாட்டிக்குத் தோளில் துணி போதவில்லை. சிவசிவா தம் துண்டை எடுத்துப் படத்தைப் போர்த்திவிட்டார். அதுவரை அதைத் திரும்பியும் பாராத ஊர், துண்டுக்கு அடியில் என்னவென்று பார்க்கத் திரண்டது. வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஆளுக்குக் கொஞ்சம் துணி வாங்கினார்கள்.

"நாளைக்கும் வாங்க ஐயா, துண்டு நான் தாரேன்" என்றார் நானா.

அப்போதுதான் முத்தாயி விவகாரம் வெடித்தது. தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன் கருப்பையா அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான், அவளும் சம்மதித்தாள். தாலி அறுத்தவள் மறுபடி கட்டலாமா? ஊர் முழுக்க இதே வாதம். கள்ளுத் தவறணையில் ஒழுக்கம் பேசிப் பேசியே ஆட்கள் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பஞ்சாயத்தில் அதிகம் கத்தியவர் பெரிய கங்காணி. அவருக்கு நாவலப்பிட்டியில் ஒரு வீடு, கண்டியில் ஒரு வீடு, வீட்டுக்கொரு மனைவி.

அது மாசி மாதம். காமன் கூத்தையொட்டி, சிவன் காமனை எரித்தார் என்று ஒரு கட்சியும் எரிக்கவில்லை என்று ஒரு கட்சியும் தப்படித்து லாவணி பாடி வாதாடுவோம். பஞ்சாயத்தில் ஒருவர் வழி சொன்னார்.

"காமன் எரிஞ்சான்னு ஜெயிச்சா கல்யாணம் கெடையாது. எரியலன்னு ஜெயிச்சா கட்டிக்கட்டும்."

எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. யோசிக்கிற வேலை மிச்சம்.

முத்தாயி இடிந்துபோனாள். எரிந்த கட்சிக்குப் பாடுகிறவர் சிவசிவா. அவர் தோற்றதே இல்லை.

ஞாயிறு பிற்பகல், ஆற்றங்கரைப் பொட்டலில் லாவணி. சிவசிவா கேள்விமேல் கேள்வி போட்டார். எரியாத கட்சிக்காரன் திணறி, தண்ணீர் கேட்டு, கடைசியில் உட்கார்ந்தேவிட்டான். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்கலாம். பாட்டால் பதில் சொல்லாவிட்டால் தோல்வி. முத்தாயி எழுந்தாள்.

"காமன் எரிஞ்சிட்டாரு, ஒத்துக்கிறேங்க. ரதி என்ன பண்ணுனா? அதையும் பாடிருங்க."

சிவசிவா ரதியின் புலம்பலை எடுத்தார். புருஷனின் சாம்பலை மடியில் அள்ளிக்கொண்டு, போக இடமில்லாமல் அவள் நிற்கும் கட்டம் வந்தது. எதிரே முத்தாயி நின்றுகொண்டிருந்தாள். அவர் குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி உடைந்தது. தப்புக்காரன் கையை நிறுத்திவிட்டான். அந்த மனிதர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

"பாடுங்கய்யா! இன்னும் ஒரு அடிதான்!" என்று பெரிய கங்காணி குதித்தார்.

"எனக்கு வரலைங்க. எரியாத கட்சி ஜெயிச்சிருச்சு."

"அப்ப ஒழுக்கம் என்னாகுறது?"

"வாங்க, ஒங்க ரெண்டு வீட்டுலயும் போய்க் கேட்டுட்டு வருவோம்."

பொட்டலே சிரித்தது. கங்காணி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

முத்தாயிக்குத் தகப்பன் இல்லை. தாலி கட்டும்போது அந்த முறைக்கு நின்றவர் சிவசிவாதான். நின்றவர் சும்மா நின்றாரா? மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சிரித்ததற்கு அங்கேயே கடிந்துகொண்டார்.

பிறகு காப்பிச் செடியில் நோய் விழுந்தது, ஸ்டோரை மூடினார்கள். அவர் எந்தப் பக்கம் போனாரென்று விசாரிக்காத இடமில்லை. ஒழுக்கம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மட்டும் வாசலில் வந்து நின்றால், கதிரையை இழுத்துப் போட்டு, பொழுது சாயும்வரை திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.