விவரம் மாமா சொன்ன சாட்சி

ஒரு பொய்கூடச் சொல்லாமல் வாழ்நாள் முழுக்கத் தப்பாகவே பேசியவர் சப்ரகமுவ மாகாணத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் விவரம் மாமா.

விவரமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எதைக் கேட்டாலும் விவரத்தோடு சொல்வார், அதனால் அந்தப் பெயர். எஹலியகொடைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்தில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில் இருந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக் கடிதங்களை டவுனுக்குக் கொண்டுபோவார். சொந்த மாமா இல்லை.

பஸ் போய்விட்டதா என்று கேட்டால், போய்விட்டது என்று சொல்லி நிறுத்த அவருக்கு வராது. முன் சீட்டில் குடையோடு ஒரு பொம்பளை, கூரையில் இரண்டு பலாப்பழம், பின் டயர் புதுசு என்று அடுக்குவார். இவ்வளவு பார்த்திருக்கிறாரே என்று நாங்கள் வீட்டுக்குத் திரும்பி நடப்போம். பாதி வழியில் பஸ் ஹார்ன் கேட்கும். மாமா பார்த்தது ஒரு லொறியின் புகையை. மற்றதெல்லாம் சொல்லச் சொல்ல அவர் கண்ணுக்குத் தெரிந்தவை.

ஒருமுறை குருவிட்டைக்குப் போய்வந்தவர், எங்கள் லயத்துச் செல்லம்மாக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், மூன்றரைக் கிலோ, தாத்தா மாதிரியே இடது காதில் மச்சம் என்றார். அக்கா நீலத்தில் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனார். பிறந்திருந்தது பேத்தி. மச்சமும் இல்லை. திரும்பி வந்து சண்டைக்கு நின்றார்.

"புள்ள பொறந்துச்சா இல்லையா?" என்று கேட்டார் மாமா.

பிறந்ததுதான்.

வெறும் சேதியை யாரும் நம்ப மாட்டார்கள், கண்ணு மூக்கு காது வைத்தால்தான் உண்மை உறுதியாக நிற்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியிடம் என் பிழைப்பு மாட்டிக்கொண்டது தொண்ணூறுகளின் நடுவில்.

உயர்தரப் பரீட்சை பாஸாகி, தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். என் பிறப்பை யாரும் பதிந்திருக்கவில்லை. தோட்டத்து ஆபீஸின் பழைய பேரேட்டில், இன்ன தேதியில் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது என்று மட்டும் இருந்தது. அந்தப் பிள்ளை நான்தான் என்று, உறவில்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். மருத்துவச்சி இறந்துவிட்டார். நான் பிறந்தபோது பக்கத்தில் இருந்த மற்றவர்கள் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர் விவரம் மாமா.

அவர் சாட்சி ஒன்றரைப் பக்கம் வந்தது. செவ்வாய்க்கிழமை, மூன்று மணி, கொட்டுகிற மழை, மருத்துவச்சி கையில் கறுப்புக் குடை. பதிவு அலுவலகத்தில் இருந்த சிங்கள அதிகாரி பழைய நாட்காட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கிழமை பொய்யென்றால் மழையை எப்படி நம்புவது, மழையை நம்ப முடியாவிட்டால் பிறப்பை எப்படி நம்புவது என்று கேட்டுக் கடதாசியைத் திருப்பித் தந்தார். நான் அவர் கண்முன்னால்தான் நிற்கிறேன். நான் பிறந்ததற்கு ஆதாரம் போதவில்லை.

பஸ்ஸில் எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "மாமா, ஒங்களுக்கு நெசமா என்னதான் தெரியும்?" என்று கேட்டேன்.

மாமா கையிலிருந்த கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஒங்கம்மா கத்துனது கேட்டுச்சு. மருத்துவச்சியக் கூப்புட ஓடுனேன். கூட்டிக்கிட்டு வரக்குள்ள நீ பொறந்துட்ட. அவ்வளவுதான் புள்ள."

"அத மட்டும் சொல்லுங்க."

"அது பத்துமா?" என்றார், பயந்துபோய்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். அதிகாரி கிழமை கேட்டார். "தன்னே நே மாத்தயா," என்றார் மாமா. தெரியாது ஐயா. நேரம்? தன்னே நே. மழை பெய்ததா? மாமா வாயைத் திறந்தார். தொண்டைவரைக்கும் மழை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தன்னே நே," என்றார்.

என்னதான் தெரியும் என்று அதிகாரி சலித்துக்கொண்டார். மாமா தன் நல்ல சிங்களத்தில் மூன்று வரி சொன்னார். ஓடினேன். வந்தேன். இந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அதிகாரி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முழு மரத்தையும் தோளில் தூக்கி வந்தவர் மாதிரி அவருக்கு மூச்சிரைத்தது. நான் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

நியமனம் கிடைத்தது. புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் இன்றும் படிப்பிக்கிறேன். சான்றிதழ் தேவைப்பட்டு வெளியே எடுக்கும்போதெல்லாம், நான் யாரென்றே தெரியாத அந்த வேளையில், எனக்காக மருத்துவச்சியைக் கூப்பிட ஓடிய அந்த மனிதரைக் கொஞ்சநேரம் நினைத்துக்கொள்கிறேன்.