கதவு நிலையில் நூற்றுப் பன்னிரண்டு

நாற்காலிக்காக நடந்த போராட்டங்கள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றில் எதுவும் எங்கள் காரின் பின்சீட்டுக்காக நடந்ததைப் போல அவ்வளவு கண்ணியமானதல்ல என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எங்களுடையது உயரமான குடும்பம். சான்று, சமையலறைக் கதவின் நிலை. முதலில் என் மகன், இப்போது என் பேத்தி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரின் உயரமும் அதில் பென்சில் கோடாகப் பதிவாகியிருக்கிறது. பதிவாளர் நான். வேறு யார் கையிலும் அந்தப் பென்சிலைக் கொடுத்ததில்லை.

நெருக்கடி தொலைபேசியில் வந்தது. பேசியவர் மருமகளின் அப்பா.

"எங்க பேரன் கார்ல பூஸ்டர் சீட்டுக்குப் போயிட்டான், சம்பந்தி. உங்க பேத்தி இன்னும் அந்தக் குழந்தை சீட்டுலதானா?"

அவருடைய மகன்வழிப் பேரன் எங்கள் பேத்தியைவிட ஒரு மாதம் இளையவன். எங்கள் பேத்தி அவருக்கும் பேத்திதான். அந்த நிமிடம் அவர் அதை மறந்துவிட்டார், நானும் நினைவூட்டவில்லை.

மாலையே ஒரு பூஸ்டர், அதாவது பட்டை இல்லாமல் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் திண்டு, வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் 'உயர்மட்டக் கூட்டம்' கூட்டினேன். மகன், மருமகள், நான். மேசைக்கடியில் பேத்தி, 'பார்வையாளர்'.

"நாலரை வயசுப் பொண்ணை அஞ்சு பட்டை போட்டு மூட்டை மாதிரி கட்டி வைக்கிறது நம்ம குடும்பத்துக்கு அழகா?"

"அந்தப் பட்டைதான் மாமா அவளைப் பிடிச்சு வைக்குது" என்றாள் மருமகள்.

அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். விபத்தில் அடிபட்டு வரும் பிள்ளைகளைக் கண்ணால் பார்க்கிறவள். எனவே இந்த விஷயத்தில் 'நடுநிலை இல்லாதவர்' என்று குறித்துக்கொண்டேன்.

"பூஸ்டர்ல உட்கார்ந்தா கார் பெல்ட்டு மட்டும்தான். உயரம் பத்தலைன்னா தோள்ல நிக்காது, கழுத்துல விழும். பெட்டியில எவ்வளவு உயரம் வேணும்னு போட்டிருக்கு?"

"குறைஞ்சது நூத்திப் பத்து சென்டிமீட்டர். நம்ம பொண்ணு நூத்திப் பன்னிரண்டு. ஆவணம் இருக்கு" என்று கதவைக் காட்டினேன்.

மகன் கதவைப் பார்த்தான். ஆவணத்தை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். தீர்மானம் நிறைவேற இருந்த தறுவாயில் பார்வையாளர் குறுக்கிட்டார்.

"அம்மா, அளக்கும்போது குதிகாலைத் தூக்கணுமா, கீழ வைக்கணுமா?"

"கீழதான். ஏன்டி?"

"தாத்தா தூக்கச் சொல்வாரே."

மகன் தன் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தான்.

"என்னையும் தூக்கத்தான் சொன்னீங்கப்பா. எல்லாரும் அப்படித்தான் அளப்பாங்கன்னு நெனச்சேன். வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட்ல ஆறு சென்டிமீட்டர் கொறைஞ்சப்ப, மெஷின் ரிப்பேர்னு சொன்னீங்க."

"பழைய மெஷின்" என்றேன்.

மருமகள் இழுப்பறையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தாள். பேத்தியைக் கதவோடு நிறுத்தி, குதிகாலைத் தரையில் அழுத்திப் பிடித்தாள். நூற்று ஆறு.

"நான் குள்ளமா தாத்தா?"

பதிவாளர் பென்சிலைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். மருமகள்தான் சொன்னாள்: "நீ சரியாத்தான் இருக்கே. கோடுதான் கொஞ்சம் நெட்டை."

பூஸ்டர் பரணுக்குப் போனது. அவள் இன்னும் நாலு சென்டிமீட்டர் வளரும்வரை அங்கேயே இருக்கும். மறுநாள் காலை சம்பந்தி மீண்டும் அழைத்தார்.

"என்ன சம்பந்தி, மாத்தியாச்சா?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பையன் பூஸ்டரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் நேரம் அது.

"சம்பந்தி, உங்க பேரனை அளந்தது யாரு?"

"நான்தான்."

"குதிகால் தரையில இருந்துச்சா?"

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உயர்ந்த குடும்பங்கள் இரண்டு சம்பந்தம் செய்துகொண்டால் இதுதான் சிறப்பு. பெரியவர்கள் தலைநிமிர்ந்து நடப்பதற்காக, குழந்தைகள் நுனிக்காலில் நிற்கிறார்கள்.