பதினாறு கேஜ் மாமா

கேட்காமலே அளவு சொல்லும் மாமாக்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹார்டுவேர் கடையில் யாரோ ஒருவர் கையிலிருக்கும் கம்பிச் சுருளை வாங்கி, கட்டைவிரலால் நெருடி, "இது தாங்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எதற்கு வாங்குகிறார் என்பதைக் கடைசியில் விசாரிப்பவர் இவர்தான். எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நிற்கும்போது கீழேயிருந்து ஒயர் நம்பர் சொல்பவரும் இவரே. எதையும் யாரிடமும் கேட்பது மட்டும் ஆகாது. கேட்டால் கௌரவம் என்னாவது?

எனக்குத் தெரிந்த மாமா ஒருவர். அவருடைய தங்கை மகள் ஒரு வருஷம் அம்மாவிடம் கெஞ்சி, கோபித்து, பட்டினி கிடந்து மூக்குக் குத்திக்கொண்டாள். ஊசி ஏறியது மகளுக்கு. மயங்கி விழுந்தது அம்மா. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இது மூடிக்கிச்சுன்னா, மறுபடி குத்துற பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது."

புண் ஆறிவரும் நேரத்தில், முகம் துடைத்த துண்டில் மாட்டி மூக்குத்தி கழன்று, வாஷ்பேசின் ஓட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தது. புதுத் துளை, சும்மா விட்டால் மூடிவிடும். அவளுக்கோ கம்ப்யூட்டரில் மீட்டிங். மாமா கடைவீதிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கிரகம் என்பது இப்படித்தான் வந்து சேர்கிறது.

"மாமா, ஒரு மூக்குத்தி, கம்பி இருபது கேஜ்னு கேட்டு வாங்கிட்டு வாங்க."

"இருபதா?" மாமா சிரித்தார். பாவம், சின்னப் பெண், விவரம் போதாது என்கிற சிரிப்பு. "பிஞ்சு மூக்கும்மா. இருபது முரடா இருக்கும். நான் பதமா பதினாறு பாத்து எடுத்துட்டு வர்றேன்."

"இல்ல மாமா, இருபதுதான்..."

"எனக்குத் தெரியாதா?"

கடைக்காரப் பெண்ணும் கேட்டிருக்கிறாள், இப்போது என்ன அளவு போட்டிருக்கிறார்கள் என்று. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ பதினாற எடு" என்று அவள் வாயையும் அடைத்துவிட்டு வந்தார்.

கேஜ் கணக்கே தலைகீழ். கம்பியைச் சின்னச் சின்னத் துளை வழியாக இழுத்து இழுத்து மெலியவைத்த காலத்து எண் அது. இழுப்பு ஏற ஏற எண்ணும் ஏறும், கம்பி இளைக்கும். இருபதைவிடப் பதினாறு ஒன்றரை மடங்கு தடி. மாமா பதமாக வாங்கிவந்தது கிட்டத்தட்ட ஓர் ஆணி.

மாமா அசந்தாரா? "எண்ணெய் தொட்டு வைம்மா. தம் பிடிச்சு அழுத்து, தானா வழி விடும்." அந்தப் பெண்ணும் நம்பி அழுத்தினாள். மூக்கு சிவந்து, வீங்கி, கண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். மாமா குனிந்து உற்றுப் பார்த்தார். "கம்பில ஒரு குறையும் இல்ல. மூக்குலதான் ஏதோ கோளாறு."

வீக்கம் வடிந்தபோது துளை மூடியிருந்தது. "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். ஒரு வருஷக் கெஞ்சல் மண்ணாய்ப் போனதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

என்ன சிரிக்கிறீர்கள்? எண் கூடினால் கம்பி மெலியும், இதுகூடவா ஒருவருக்குத் தெரியாது, எனக்கு எப்போதோ தெரியுமே என்கிறீர்களா? மறுநாள் மாமாவும் இதையேதான் சொன்னார், அந்த மூடிய மூக்கைப் பார்த்துக்கொண்டே.